ஹாம் தொடர்பும் லாக் புக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்கான தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு முதல் சில மாதங்களில் வரும் சந்தேகங்கள் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும். நேரிலும் ஃபோனிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்கள் சொன்ன விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ரிக் எனப்படும் வானொலிக் கருவி வாங்குவது, ஆன்டெனா கட்டுவது பற்றியெல்லாம் இதில் கிடையாது. இன்னொரு நிலையத்தோடு தொடர்பு கொள்வது, அதை லாக் எனப்படும் பதிவேட்டில் எழுதுவது, இந்த இரண்டு மட்டும்.

1. லைசென்ஸ் கைக்கு வந்துடுச்சு. ஆனா மைக்கைப் பிடிக்கவே தயக்கமா இருக்கு. எங்கே ஆரம்பிக்கிறது?

முதலில் கேளுங்கள். சில நாட்கள் ரிசீவரை மட்டும் ஓடவிட்டு, மற்றவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்கள், எப்படிப் பேச்சை முடிக்கிறார்கள் என்று கவனியுங்கள். தமிழ்நாட்டில் பகலில் 40 மீட்டர் பேண்டில், அதாவது 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம், பெங்களூரு, ஐதராபாத், கேரளம், இலங்கை நிலையங்கள் கிடைக்கும். பொழுது சாய்ந்ததும் அதே பேண்டில் தொலைவு கூடும். 20 மீட்டரில், 14 மெகாஹெர்ட்ஸில், மாலை வேளைகளில் ஐரோப்பா நன்றாக வரும். ஆன்டெனா இன்னும் ஏற்றவில்லையா? நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் வெப்எஸ்டிஆர் ரிசீவரை இணையத்தில் யார் வேண்டுமானாலும் திருகிக் கேட்கலாம்.

பேசத் துணிவு வந்ததும் காலை நேரத்து நெட் ஒன்றில் சேருங்கள். நெட்டில் ஒருவர் ஒருங்கிணைப்பார், மற்றவர்கள் முறை வைத்துப் பேசுவார்கள். லைசென்ஸோடு கிடைத்த அடையாளக் குறியான கால் சைனையும் பெயரையும் சொல்லி, "புதியவன், முதல் முறை வருகிறேன்" என்றால் போதும். மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். புதுக் குரலுக்கு இந்த உலகத்தில் கிடைக்கும் வரவேற்பு வேறு எங்கும் கிடைக்காது என்பது என் எண்ணம்.

2. நானே சிக்யூ கூப்பிடணுமா, இல்ல யாராவது கூப்பிட்டா பதில் சொல்லணுமா?

சிக்யூ என்பது யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் என்ற பொது அழைப்பு. இரண்டும் செய்யலாம். தொடக்கத்தில் பதில் சொல்வது சுலபம், ஏனென்றால் எதிரில் ஒருவர் இருப்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டது. நீங்களே கூப்பிடுவதாக இருந்தால், முதலில் "இந்த அலைவரிசையில் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டு, உங்கள் கால் சைனைச் சொல்லி, சற்றுப் பொறுங்கள். மறுபடி ஒரு முறை கேளுங்கள். அமைதியாகத் தெரியும் இடத்தில், உங்களுக்குக் கேட்காத தொலைவில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கலாம்.

அப்புறம் இப்படி: "சிக்யூ சிக்யூ சிக்யூ, திஸ் இஸ் விக்டர் யூனிஃபார்ம் த்ரீ எக்ஸ்ரே எக்ஸ்ரே எக்ஸ்ரே, ஸ்டாண்டிங் பை." எக்ஸ்ரே இருக்கும் இடத்தில் உங்கள் எழுத்துகளைப் போட்டுக்கொள்ளுங்கள். பதில் வந்தால் அவருடைய கால் சைனைத் திருப்பிச் சொல்லி, சிக்னல் ரிப்போர்ட், பெயர், ஊர் கொடுத்து, பேச்சை அவரிடம் விடுங்கள். முடிக்கும்போது 73, அதாவது நல்வாழ்த்து. ஏ, பி, சி எழுத்துகளுக்கு ஒவ்வொரு சொல்லாக வரும் ஆல்ஃபா, பிராவோ, சார்லி வரிசையை மனப்பாடம் செய்யுங்கள். கையில் கிடைத்த சொல்லைச் சொன்னால் ஜப்பானில் இருப்பவருக்குப் புரியாது.

3. தமிழ்ல பேசலாமா? எதைப் பத்தி பேசலாம்?

தாராளமாகத் தமிழில் பேசலாம். சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் விஎச்எஃப் ரிப்பீட்டர்களிலும் 40 மீட்டரிலும் தமிழ் தினமும் ஒலிக்கிறது. பொருளை மறைக்கும் சங்கேத மொழிதான் கூடாது. கால் சைனை மட்டும் எல்லோருக்கும் புரியும்படி ஆங்கில எழுத்துகளில் சொல்லிவிடுங்கள்.

கருவி, ஆன்டெனா, வானிலை, நலம் விசாரிப்பு எல்லாம் சரி. வியாபாரப் பேச்சும் கொடுக்கல் வாங்கலும் கூடாது. கடைக்குச் சரக்கு வந்துவிட்டதா என்று கேட்க இது இடமில்லை.

4. எப்ப ஒரு காண்டாக்ட் "ஆச்சு"ன்னு சொல்லலாம்? குறைஞ்சபட்சம் என்ன வேணும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். ஹாம்கள் கியூஎஸ்ஓ என்று சொல்லும் தொடர்பு முழுமையடைய மூன்று நடக்க வேண்டும். இருவரும் அடுத்தவரின் கால் சைனைச் சரியாகக் கேட்டிருக்க வேண்டும். இருவரும் ஏதாவது ஒரு தகவலை, பெரும்பாலும் சிக்னல் ரிப்போர்ட்டை, கொடுத்து வாங்கியிருக்க வேண்டும். வாங்கியது கிடைத்தது என்று இருவரும் சொல்லியிருக்க வேண்டும். பத்து நொடியில் முடிந்தாலும் அது முழுத் தொடர்புதான். அரை மணி நேரம் இரைச்சலோடு மல்லாடிக் கடைசி வரை எதிராளியின் கால் சைன் பிடிபடவில்லை என்றால், தொடர்பு நடக்கவில்லை.

இதில் ஊகத்துக்கு இடமே கிடையாது. இணையத்தில் பார்த்து "இவராகத்தான் இருக்கும்" என்று நிரப்புவது, நண்பர் ஃபோனில் சொன்ன ரிப்போர்ட்டை எழுதிக்கொள்வது எல்லாம் கணக்கில் வராது. உங்கள் ரிசீவரின் வழியாக அந்த நேரத்தில் வந்தது மட்டும்தான் லாக்குக்குப் போக வேண்டும். கீழே வரும் பல பதில்கள் இங்கேதான் வந்து நிற்கும்.

5. 59ன்னா என்ன? எல்லாருக்கும் ஃபைவ் நைன் குடுத்துட்டே போனா தப்பா?

முதல் எண் பேச்சு எவ்வளவு புரிகிறது என்பது, 1 முதல் 5 வரை. இரண்டாவது சிக்னலின் பலம், 1 முதல் 9 வரை. மோர்ஸில் தொனியின் தரத்துக்கு மூன்றாவதாக ஓர் எண் சேரும், அதனால் 599. இருபது நிமிடம் பேசும் சாதாரணத் தொடர்பில் உண்மையான ரிப்போர்ட் கொடுங்கள். புது ஆன்டெனா கட்டியவருக்கு 43 என்பது பயனுள்ள செய்தி, பொய்யான 59 எதற்கும் உதவாது. "ஃபைவ் நைன், கால் சைனைத் திரும்பச் சொல்லுங்க" என்று ஒரே மூச்சில் வருவதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

போட்டிகளிலும் பெரும் நெரிசலிலும் எல்லோரும் 59 கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அங்கே அது வேகத்துக்காக.

6. லாக்ல என்னென்ன எழுதணும்?

கட்டாயமானவை: நாள், நேரம், அலைவரிசை அல்லது பேண்ட், மோட் (பேச்சா, மோர்ஸா என்ற முறை), எதிர் நிலையத்தின் கால் சைன், கொடுத்த ரிப்போர்ட், பெற்ற ரிப்போர்ட். மாதிரிக்கு ஒரு வரி: "2025 ஜனவரி 18, 1412, 14.210, எஸ்எஸ்பி, ஐகே2 எக்ஸ்எக்ஸ்எக்ஸ், கொடுத்தது 57, பெற்றது 55." எஸ்எஸ்பி பேச்சுக்கான மோட். இது ஓர் இத்தாலி நிலையம். கடைசிப் பத்தியில் அவர் பெயர், ஊர், என்னிடம் 100 வாட், டைபோல் ஆன்டெனா, அவரிடம் மூன்று எலிமென்ட் யாகி ஆன்டெனா, "அங்கே பனி, நாய் குரைப்பது கேட்டது" என்று குறிப்பு.

அந்தக் குறிப்புப் பத்தியை விட்டுவிடாதீர்கள். விருதுக்கு அது தேவையில்லை. ஆனால் இரண்டு வருடம் கழித்து அதே மனிதர் கூப்பிடும்போது "உங்கள் நாய் நலமா?" என்று கேட்டுப் பாருங்கள், அவர் குரல் மாறுவது தெரியும். பதில் வராத சிக்யூக்களையும் எழுதி வைப்பவர்கள் இருக்கிறார்கள். பேண்ட் எந்த நேரத்தில் திறக்கிறது என்று அறிய அது உதவும். எஸ்எஸ்பியில் 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே கீழ்ப்பக்கப் பட்டை, மேலே மேல்பக்கப் பட்டை என்பது வழக்கம். லாக்கில் இரண்டுக்கும் "எஸ்எஸ்பி" என்று எழுதினால் போதும்.

7. நேரத்தை ஏன் யூடிசியில எழுதணும்? நம்ம ஊர் நேரம் போட்டா என்ன?

உங்கள் லாக்கும் அவர் லாக்கும் பின்னால் ஒப்பிடப்படும். சென்னையின் இரவு, சாவ் பாவ்லோவின் மதியம். இருவரும் அவரவர் கடிகாரத்தை எழுதினால் பொருத்தவே முடியாது. அதனால் உலகமெங்கும் யூடிசி எனப்படும் பொது நேரம். நம் நேரத்தில் ஐந்தரை மணி நேரம் கழித்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள 1412, நமக்கு இரவு 7:42.

நேரத்தைவிடத் தேதியில்தான் அதிகம் சறுக்குவார்கள். யூடிசி நாள் நமக்கு விடிகாலை 5:30க்குத்தான் மாறும். மார்ச் 10 அதிகாலை 4 மணிக்கு நீங்கள் பேசினால் லாக்கில் மார்ச் 9, 2230 என்று வர வேண்டும். அதிகாலையில் 40 மீட்டரில் தூரத்து நிலையங்களைத் தேடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். மேசையில் யூடிசிக்கென்றே தனிக் கடிகாரம் ஒன்று வைத்துவிடுங்கள், மனக்கணக்கே வேண்டாம்.

8. நோட்டுல எழுதுறதா, கம்ப்யூட்டர்லயா?

தொடக்கத்தில் நோட்டு நல்லது என்பேன். கை எழுதும்போது காது கூர்மையாக இருக்கும், மின்சாரம் போனாலும் லாக் இருக்கும். தைத்த நோட்டாக வாங்குங்கள், தாள் உதிரக் கூடாது. பிழையை அடித்து எழுதுங்கள், அழிக்காதீர்கள்.

தொடர்புகள் நூறைத் தாண்டியதும் கணினிக்கு மாறலாம். லாக்4ஓஎம், லாகர்32 போன்றவை இலவசம். எதை எடுத்தாலும் ஏடிஐஎஃப் வடிவத்தில் வெளியே எடுக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். 1990களில் உருவான அந்தப் பொது வடிவம் இருந்தால் ஒரு மென்பொருளில் இருந்து இன்னொன்றுக்கு லாக் அப்படியே போகும். நகலை வேறு ஓர் இடத்தில் வைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். ஹார்டு டிஸ்க் போனால் வருடக்கணக்கான தொடர்புகள் போய்விடும்.

9. அவரோட கால் சைன்ல கடைசி எழுத்து சரியா கேக்கலை. என்ன செய்யணும்?

கேளுங்கள். "லாஸ்ட் லெட்டர் அகெய்ன்" என்று கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை. அவர் சொன்னதும் முழுக் கால் சைனையும் திருப்பிச் சொல்லி, "ரோஜர்" வாங்கிக்கொள்ளுங்கள். மோர்ஸில் ஒரு புள்ளி தவறினால் போதும், எச் எஸ் ஆகிவிடும், 5 எச் ஆகிவிடும். பேச்சில் பியும் டியும் குழம்பும்.

கடைசி வரை தெளியவில்லை என்றால் எழுதாதீர்கள், அல்லது கேள்விக்குறியோடு குறிப்பில் மட்டும் வையுங்கள். காரணம் 4ஆம் பதிலில் இருக்கிறது.

10. கிரிட் கிரிட்டுன்னு கேக்குறாங்களே, அது என்ன? எங்க ஊருக்கு என்ன?

பூமிப்பந்தைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு எழுத்து, இரண்டு எண் கொடுத்திருக்கிறார்கள். மெய்டன்ஹெட் முறை என்று பெயர். ஒரு கட்டம் கிழக்கு மேற்காக 2 பாகை, தெற்கு வடக்காக 1 பாகை. சென்னை சென்ட்ரல் என்கே03, தாம்பரம் என்கே02, திருச்சி எம்கே90, மதுரை எம்ஜே99, கோவை எம்கே81. 13 பாகை அட்சக்கோடு சென்னைக்குள்ளேயே போவதால் ஒரே நகரத்தில் இரண்டு கட்டங்கள். அதனால் ஊர்ப் பெயரை வைத்து ஊகிக்காமல் உங்கள் வீட்டு அட்சரேகை, தீர்க்கரேகையைப் போட்டுக் கணக்கிட்டு ஒருமுறை எழுதி வையுங்கள்.

11. ரிப்பீட்டர்ல பேசினது, எக்கோலிங்க்ல பேசினது எல்லாம் லாக் பண்ணலாமா?

பண்ணலாம், பண்ண வேண்டும், பேசியது பேசியதுதான். ஆனால் ரிப்பீட்டர் வழி என்றோ இணையம் வழி இணைக்கும் எக்கோலிங்க் என்றோ குறிப்பிட்டு எழுதுங்கள். நூறு நாடுகளைத் தொடர்பு கொண்டதற்கான டிஎக்ஸ்சிசி போன்ற விருதுகளில் அவை சேராது. அங்கே உங்கள் ஆன்டெனாவில் இருந்து கிளம்பிய அலை அவர் ஆன்டெனாவுக்குப் போயிருக்க வேண்டும். மலைமேல் இருக்கும் ரிப்பீட்டரும் நடுவில் ஓடும் இணையமும் அந்த வேலையில் பாதியை எடுத்துக்கொள்கின்றன.

12. எஃப்டி8ல கம்ப்யூட்டரே பேசுது. இது ஒரு காண்டாக்டா?

ஆமாம். 1993இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் உருவாக்கி 2017இல் வெளியிட்ட முறை இது. 15 நொடிக்கு ஒருவர் என்று முறை மாறும். ஒரு முறையில் 12.64 நொடி நேரம், ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு குறுஞ்செய்தி போகும். காதுக்கே எட்டாத சிக்னலையும் கணினி பிரித்தெடுத்துவிடும். சொந்த வீடு இல்லாமல் பால்கனியில் கம்பி கட்டியிருப்பவருக்கும் உலகம் எட்டுகிறது. இதைக் குறைத்துப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஓட்டம் இப்படி: ஒருவர் சிக்யூவும் கிரிட்டும் அனுப்புகிறார். மற்றவர் தன் கால் சைனும் கிரிட்டும். முதலாமவர் டெசிபெலில் ரிப்போர்ட், உதாரணமாக மைனஸ் 12. இரண்டாமவர், கிடைத்தது என்பதற்கு ஆர் சேர்த்துத் தன் ரிப்போர்ட். பிறகு முதலாமவர் ஆர்ஆர்73, அதாவது கிடைத்தது, நல்வாழ்த்து. அப்புறம் 73. பார்த்தால் 4ஆம் பதிலில் சொன்ன மூன்றும் அப்படியே இருக்கின்றன. 7.074, 14.074 மெகாஹெர்ட்ஸில் இருபத்து நான்கு மணி நேரமும் ஆட்கள் உண்டு. கணினிக் கடிகாரம் ஒரு நொடிக்கு மேல் தவறினால் சிக்கல் தொடங்கும். திரையில் யாரும் தெரியவில்லை என்றால் ஆன்டெனாவைச் சந்தேகிக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்.

13. ரிப்போர்ட் வந்துச்சு, நானும் அனுப்பினேன், ஆனா ஆர்ஆர்73 வரவே இல்லை. லாக் பண்ணலாமா?

நீங்கள் ஆர் சேர்த்து ரிப்போர்ட் அனுப்பிவிட்டு எதுவும் திரும்பி வரவில்லை என்றால், அது அவருக்குக் கிடைத்ததா என்று உங்களுக்குத் தெரியாது. தொடர்பு முடியவில்லை. மறுபடி அனுப்பிப் பாருங்கள், வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஆர்ஆர்73 அனுப்பியவர் நீங்கள், கடைசி 73 மட்டும் வரவில்லை என்றால் கவலையில்லை, எழுதலாம். 73 வெறும் வாழ்த்து.

நடுவில் ஒரு நிலை இருக்கிறது. நீங்கள் ஆர்ஆர்73 அனுப்பிய பிறகும் அவர் அதே ரிப்போர்ட்டைத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தால், உங்கள் செய்தி அவருக்குப் போகவில்லை என்று பொருள். லாக் பட்டனை அழுத்திவிட்டுப் போய்விடாமல் ஆர்ஆர்73ஐ மறுபடி அனுப்புங்கள். அவர் காத்திருக்கிறார்.

14. கியூஎஸ்எல் கார்டு எப்படி அனுப்புறது? இப்பவும் அது தேவையா?

கியூஎஸ்எல் என்பது தொடர்பு நடந்ததை உறுதி செய்யும் அட்டை. 14க்கு 9 சென்டிமீட்டர் அளவில் அச்சடித்து, 6ஆம் பதிலில் உள்ள விவரங்களைப் பிழையில்லாமல் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். நேராகத் தபாலில் அனுப்பலாம், செலவு அதிகம். இல்லையென்றால் பியூரோ வழி. இந்தியாவில் ஏஆர்எஸ்ஐ எனப்படும் இந்திய அமெச்சூர் வானொலிச் சங்கம் பியூரோ நடத்துகிறது. அட்டைகளைக் கட்டாகச் சேர்த்து நாடு நாடாகப் பிரித்து அனுப்புவார்கள். மாதங்கள் ஆகும், சில சமயம் வருடங்கள்.

இணையத்தில் இரண்டு வழிகள் பிரபலம். இகியூஎஸ்எல்லில் படத்தோடு கார்டு கிடைக்கும். அமெரிக்க ஹாம் சங்கமான ஏஆர்ஆர்எல் 2003 முதல் நடத்தும் எல்ஓடிடபிள்யூவில் படம் கிடையாது, இரண்டு லாக்குகளும் பொருந்தினால் உறுதி என்று காட்டும். சேர உங்கள் லைசென்ஸ் நகலைக் காட்டி டிஜிட்டல் சான்றிதழ் வாங்க வேண்டும். லாக் ஏற்றுவது இலவசம். தேவையா என்றால், விருதுக்கு எல்ஓடிடபிள்யூ போதும். ஆனாலும் ஒரு தீவில் இருந்து தபால்தலையோடு கையெழுத்துப் போட்டு வரும் அட்டைக்கு ஈடு எதுவும் இல்லை. உங்களுக்கு அட்டை அனுப்பியவருக்குக் கட்டாயம் பதில் அட்டை போடுங்கள்.

15. எல்ஓடிடபிள்யூல ஏத்தி மாசக்கணக்காச்சு. ஒண்ணுமே கன்ஃபர்ம் ஆகலை. ஏன்?

கால் சைன், பேண்ட், மோட் மூன்றும் பொருந்த வேண்டும், நேர வித்தியாசம் 30 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். "ஒண்ணுமே ஆகவில்லை" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது கணினியின் நேர மண்டலத்தை. லாக் முழுக்க இந்திய நேரத்தில் இருந்தால் எல்லாம் ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கும். 7ஆம் பதிலைப் பாருங்கள். இது நிஜமான கடிகாரப் பிழை என்பதால் முழு லாக்கையும் ஒரே அளவில் திருத்தி மறுபடி ஏற்றலாம்.

சில மட்டும் ஆகவில்லை என்றால் அவர் எல்ஓடிடபிள்யூ பயன்படுத்தாதவராக இருக்கலாம், அல்லது இன்னும் ஏற்றாதவராக இருக்கலாம். பொறுங்கள்.

16. "உங்க பேர் என் லாக்ல இல்லை"ன்னு ஒருத்தர் சொல்றார். இன்னொருத்தர் என் லாக்ல பேண்டை மாத்தச் சொல்றார். என்ன பண்ண?

முதலாமவருக்கு உங்கள் லாக் வரியை அனுப்பி, மரியாதையாக மறுபடி பார்க்கச் சொல்லலாம். அவர் உங்கள் கால் சைனில் ஓர் எழுத்தைத் தவறாக எழுதியிருப்பார். அதே நிமிடத்தில் உங்களுடையதைப் போன்ற ஒரு கால் சைன் அவர் லாக்கில் இருக்கும். அப்படி இல்லை என்றால், அவர் பதில் சொன்னது வேறு ஒருவருக்கு. நெரிசலில் இது நடக்கும். ஏற்றுக்கொண்டு மறுபடி கூப்பிடுங்கள்.

இரண்டாமவருக்காக லாக்கை மாற்றாதீர்கள். உங்கள் நோட்டையோ ரிக்கின் பதிவையோ பார்த்து, நீங்கள்தான் பிழை என்று உங்கள் ஆதாரமே சொன்னால் திருத்தலாம். அவருக்கு விருது வேண்டும் என்பது காரணமாகாது. வெளியூர் நண்பர், மூத்த ஹாம் என்று தயங்குவார்கள். "ஓஎம், என் லாக்கில் 15 மீட்டர்தான் இருக்கிறது" என்று சொன்னால் நல்ல ஹாம் யாரும் கோபிக்க மாட்டார்.

17. ஒரு அபூர்வ ஸ்டேஷனை எல்லாரும் ஒரே நேரத்துல கூப்பிடுறாங்க. எனக்குப் பதிலே வரலை.

இதற்குப் பைல்-அப் என்று பெயர். முதலில் அவர் எங்கே கேட்கிறார் என்று கவனியுங்கள். "ஃபைவ் அப்" என்றால், தான் பேசும் அலைவரிசைக்கு 5 கிலோஹெர்ட்ஸ் மேலே கேட்கிறார். ரிக்கில் ஸ்ப்ளிட் போட்டு, அதாவது கேட்பதை ஓர் அலைவரிசையிலும் அனுப்புவதை வேறொன்றிலும் வைத்து, அங்கே அனுப்ப வேண்டும். அவர் பேசும் இடத்திலேயே கூப்பிட்டால் எல்லோருக்கும் இடையூறு. கடைசியாக யாருக்குப் பதில் சொன்னார், அந்த ஆள் எங்கே இருந்தார் என்று தேடிப் பிடித்தால் அவர் பேண்டில் மேலே நகர்கிறாரா கீழே நகர்கிறாரா என்பது தெரிந்துவிடும். கத்துவதைவிட இது பல மடங்கு பலன் தரும்.

முழுக் கால் சைனை ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்திக் கேளுங்கள். "யூரோப் ஒன்லி" என்றால் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். உங்களுக்குப் பதில் வந்தபோது உங்கள் கால் சைன் முழுதாக, சரியாகக் கேட்டதா என்பதை உறுதி செய்த பிறகே எழுதுங்கள்.

18. அந்தமான் இந்தியாதானே? ஏன் தனி நாடு மாதிரி எண்ணுறாங்க?

டிஎக்ஸ்சிசி பட்டியல் அரசியல் வரைபடம் கிடையாது. தாய்நிலத்தில் இருந்து போதிய தொலைவில் இருக்கும் தீவுகள் தனியாக எண்ணப்படும். பட்டியலில் இப்போது 340 இடங்கள். இந்தியாவுக்கு மூன்று: தாய்நிலம், வியூ4 என்று தொடங்கும் அந்தமான் நிகோபார், வியூ7 என்று தொடங்கும் லட்சத்தீவு. இலங்கை 4எஸ். தமிழ்நாட்டுக் கடற்கரையில் இருந்து அந்தமானைப் பிடித்தால் உங்களுக்கு ஒரு புது இடம் சேரும்.

19. காண்டெஸ்ட்ல கலந்துக்கிட்டா லாக் வேற மாதிரியா?

விவரம் கூடும். பெரும்பாலான போட்டிகளில் ரிப்போர்ட்டோடு ஒரு தகவலும் பரிமாற வேண்டும். அக்டோபர் கடைசி முழு வார இறுதியில் நடக்கும் சிக்யூ உலகப் போட்டியின் குரல் பகுதியில் அது மண்டல எண். நமக்கு 22, ஆகவே "ஃபைவ் நைன் டூ டூ". மோர்ஸ் பகுதி நவம்பரில். லாக்கை, போட்டிகளுக்கென்றே உள்ள கபிரில்லோ என்ற கோப்பு வடிவத்தில், போட்டி முடிந்த ஐந்து நாளுக்குள் அனுப்ப வேண்டும். ஒரே நிலையத்தை அதே பேண்டில் இரண்டு முறை பேசிவிட்டால் இரண்டாவதை நீக்காதீர்கள். உங்கள் முதல் பதிவு அவரிடம் இல்லாமல் போயிருக்கலாம், இரண்டாவது காப்பாற்றும்.

போட்டி முடிந்த பிறகு இணையத்தில் தேடியோ ஒலிப்பதிவைக் கேட்டோ கால் சைன்களைத் திருத்துவது விதிப்படி தவறு. 4ஆம் பதிலின் கண்டிப்பான வடிவம் இது. சிறிய லாக்கையும் அனுப்புங்கள். பத்துத் தொடர்பு மட்டும் இருந்தாலும், மற்றவர்களின் பத்து வரிகளைச் சரிபார்க்க அது உதவும்.

20. நண்பர் வீட்டு ரிக்ல அவரோட கால் சைன்ல பேசினேன். யார் லாக்ல எழுதணும்?

அவர் நிலையத்தின் லாக்கில். கால் சைன் யாருடையதோ தொடர்பும் அவருடையது. பேசியது நீங்கள் என்பதற்கு ஏடிஐஎஃபில் "ஆபரேட்டர்" என்று தனிப் புலம் இருக்கிறது, அதில் உங்கள் குறியைப் போடலாம். நீங்கள் உங்கள் குறியோடு வேறு ஊருக்குப் போய் இயக்கினால், லாக்கில் அந்த ஊரின் கிரிட்டை எழுதுங்கள். எல்ஓடிடபிள்யூவிலும் அதற்குத் தனி இடம் உருவாக்குங்கள். இல்லையென்றால் கொடைக்கானலில் பேசியது சென்னையில் பேசியதாகப் பதிவாகிவிடும். போகும் முன் உங்கள் லைசென்ஸ் நிபந்தனைகளைப் படித்துக்கொள்ளுங்கள்.

21. சாட்டிலைட் வழியா பேசினா எப்படி எழுதணும்?

சாட்டிலைட்டின் பெயர், மேலே அனுப்பிய அலைவரிசை, கீழே கேட்ட அலைவரிசை மூன்றையும் எழுதுங்கள். மென்பொருளில் பரவல் முறை என்ற இடத்தில் சாட்டிலைட் என்று தேர்ந்தெடுக்காவிட்டால் எல்ஓடிடபிள்யூவில் பொருந்தாது. இஸ்ரோ 2005 மே மாதம் ஏவிய ஹாம்சாட் 2014 வரை உலகெங்கும் உள்ள ஹாம்களுக்கு உழைத்தது. 2018 நவம்பரில் ஏறிய கியூஓ-100 புவிநிலைச் சாட்டிலைட். தமிழ்நாட்டில் மேற்கு வானில் 25 முதல் 30 பாகை உயரத்தில் அசையாமல் நிற்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அனுப்பி 10 கிகாஹெர்ட்ஸில் கேட்க வேண்டும். வீட்டு மாடியில் கிடக்கும் பழைய டிடிஎச் தட்டு அதற்குப் பயன்படும்.

22. வெள்ளம், புயல் நேரத்துல லாக் எழுதிக்கிட்டு இருக்க முடியுமா?

அப்போதுதான் மிகவும் தேவை. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாமும் அவர் குழுவினரும் ஹாம் தொடர்புகளுக்காகப் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தார்கள். 26ஆம் தேதி நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. தொலைபேசி ஓய்ந்துபோன தீவுகளில் இருந்து, அதே ரிக்குகள் வழியாக உறவினர்களின் நிலை குறித்த செய்திகள் தாய்நிலத்துக்குப் போயின.

அவசரச் செய்தி லாக்கில் ரிப்போர்ட் முக்கியமில்லை. யாரிடம் இருந்து, யாருக்கு, எத்தனை மணிக்கு, செய்தி சொல்லுக்குச் சொல் என்ன, யாரிடம் ஒப்படைத்தோம் என்பதுதான் வேண்டும். செய்திக்கு வரிசை எண் கொடுங்கள். "அம்மா நலம், கேம்ப்பில் இருக்கிறார்" என்பதைச் சுருக்கி "நலம்" என்று மட்டும் எழுதாதீர்கள்; தேடிவரும் மகனுக்குக் கேம்ப் என்ற சொல்தான் வேண்டும். ஒருவர் பேச, ஒருவர் எழுதட்டும். இங்கே இந்திய நேரத்தையும் சேர்த்து எழுதலாம், அதிகாரிகளுக்கு அதுதான் புரியும்.

23. அப்பா ஹாம். அவர் போய்ட்டார். பழைய லாக் புக்குகளை என்ன செய்றது? இன்னும் கார்டு வந்துக்கிட்டே இருக்கு.

எடைக்குப் போடாதீர்கள். பியூரோ வழி வரும் அட்டைகள் தாமதமாக வரும் என்று 14ஆம் பதிலில் சொன்னேன், அதனால் சில வருடங்கள் வந்துகொண்டிருக்கும். அவற்றை அனுப்பியவர்களுக்கு உங்கள் அப்பா பேசியது உண்மையில் நடந்ததா என்று தெரிய வேண்டும், அந்த விடை அந்த நோட்டுகளில் மட்டும் இருக்கிறது. ஊரில் உள்ள ஒரு ஹாமிடம் கேளுங்கள். லாக்கைப் பார்த்துப் பொருந்தும் அட்டைகளுக்கு அப்பாவின் சார்பில் பதில் எழுதித் தர முன்வருவார்கள். இதற்கு மானேஜர் என்று பெயர், வழக்கமான ஏற்பாடுதான்.

நோட்டுகளை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். பழைய மை மங்கும், தாள் பொடிந்துவிடும். அட்டைகளைத் தனிப்பெட்டியில் வருட வாரியாக அடுக்குங்கள். குறிப்புப் பத்தியில் உங்கள் பெயர் எங்காவது இருக்கிறதா என்றும் பாருங்கள். பிள்ளை பிறந்த செய்தியைத் தூரத்து நண்பர்களிடம் பகிர்ந்துகொண்ட ஹாம்கள் நிறையப் பேர்.